அலுவலகத்திலிருந்து ஒளிக்கூடத்திற்கு

மறைந்தவரின் உருவத்தை மறையாமல் காத்துக்கொள்ள வேண்டும் என்னும் வேட்கை மாந்தர்க்கு மிகப் பழமையானது. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டவர்கள் நம் முன்னோர். மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் பல்லவ மன்னர் இருவர் தேவியரோடு காட்சி தருகின்றனர். மதுரைப் புது மண்டபத்துத் தூண்களில் நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கின்றனர். எனினும் இவையெல்லாம் அரசர்க்கும் வீரர்க்கும் உரியனவாகவே இருந்தன. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் கணக்கெழுதியவனுக்கும் உருவம் செதுக்கி வைப்பார் யார்?

இந்நிலையை மாற்றியது நிழற்படக் கலை. 1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டாகேர் என்பாரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அக்கலை கடல் கடந்து இந்தியாவை எய்தியது. 1854இல் பம்பாயிலும், 1856இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் நிழற்படக் கழகங்கள் தோன்றின. முகத்தை நிலைநிறுத்துவது சிற்பியின் உளியிலிருந்து ஒளியின் கைக்கு மாறிற்று. புதியதொரு தொழிலும் பிறந்தது.

அத்தொழிலின் வரலாற்றைப் புரட்டுங்கால் நம் கருத்தைக் கவரும் செய்தி ஒன்றுண்டு. இந்தியாவின் தலைசிறந்த உருவப்பட நிலையங்களுள் ஒன்றை நிறுவியவர் அரசு அலுவலகத்தில் மேசை முன் அமர்ந்து பணியாற்றிய ஒருவர். வாழ்க்கைப்பாட்டிற்காக ஒரு பணியில் அமர்ந்துவிட்ட ஒருவர், நாற்பது வயதைக் கடந்த பின் தம் உள்ளம் நாடிய கலைக்கே திரும்பி, அதையே தொழிலாகக் கொள்ள இயலுமா? தலைநகரில் கோப்புகளுக்கிடையே வாழும் நம் போன்றோர்க்கு இவ்வினா அயலானதன்று. ஆதலின் ராஜா தீன் தயாளின் வாழ்வை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

ஆணையால் பிறந்து ஆணையால் மறைந்த பணி

தீன் தயாளைக் காணுமுன், நம் தமிழகத்தோடு தொடர்புடைய மற்றொருவரை நினைவுகூர்தல் பொருத்தமாகும். அவர் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லினேயஸ் டிரைப். 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் நிழற்படக் கலைஞராக அமர்த்தியது. 1858இல் அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படமெடுத்தார். மேலே குறித்த புது மண்டபமும் அவர் கருவிக்குள் அடங்கியது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே நீள்படமாக அவர் அமைத்தது இன்றும் வியந்து போற்றப்படுகிறது.

ஆயின் அப்பணி நீடிக்கவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இதனை வேண்டாத செலவெனக் கருதினார். 1860இல் நிழற்படப் பிரிவு மூடப்பட்டது. டிரைப் தம் படைப்பணிக்கே திரும்பினார். அதன்பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சில. ஓர் ஆணையால் பிறந்த கலைப்பணி மற்றோர் ஆணையால் மறைந்தது. ஒப்பளிப்பு வந்தால் பதவி உண்டு, ஒப்பளிப்பு நின்றால் பதவி இல்லை என்பது அரசு அலுவலகங்களை அறிந்தவர்க்குப் புதிய செய்தியன்று. கலை அரசின் சம்பளப் பட்டியலை மட்டுமே நம்பியிருந்தால் அதன் ஆயுள் எத்துணைக் குறுகியது என்பதை டிரைப்பின் வரலாறு உணர்த்துகிறது.

சர்தானாவின் மைந்தர்

தீன் தயாள் 1844இல் மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவில் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தார். பேகம் சம்ரூ என்னும் ஆட்சியாளரால் புகழ்பெற்ற ஊர் அது. அந்த அம்மையாரின் மாளிகைகளுள் ஒன்று நம் தில்லியின் சாந்தினி சௌக்கில் இருந்தது என்பதைத் தில்லிவாசிகள் அறிவர்.

தீன் தயாள் பயின்றது ரூர்க்கியிலிருந்த தாமசன் பொறியியற் கல்லூரியில். 1847இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரியே இன்று ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது. கல்வி முடித்து 1866இல் இந்தூரில் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். தலைமை மதிப்பீட்டாளர், வரைவாளர் என்பன அவர் வகித்த பொறுப்புகள். கட்டடத்திற்கு வேண்டிய செங்கல் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கணக்கிடுதலும், அளவு பிசகாமல் வரைபடம் தீட்டுதலும் அவர்தம் அன்றாடக் கடமை. இருபத்திரண்டு வயதில் நிலையான அரசுப் பணி! அக்காலக் குடும்பமொன்று அதற்குமேல் எதனை வேண்டியிருக்கும்?

1874ஆம் ஆண்டளவில் அவர் நிழற்படக் கலையில் ஈடுபடலானார். இந்தூர் மன்னர் இரண்டாம் துக்கோஜி ராவ் அவரை ஆதரித்தார். மத்திய இந்தியாவில் ஆளுநர் தலைவரின் முகவராக விளங்கிய சர் ஹென்றி டேலியும் ஊக்கமளித்தார். 1875-76இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு இந்தியாவிற்கு வந்தபோது அவ்வருகையைப் படமெடுக்கும் வாய்ப்பும் கிட்டியது. இத்தனையும் நிகழ்ந்த காலத்தில் அவர் அரசுப் பணியாளராகவே இருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

கண்ணாடித் தகட்டில் உழைப்பு

ஓய்வு நேரத்தில் நிழற்படம் எடுத்தார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அக்காலத்தில் அஃது எத்துணைக் கடினமானது என்பதை இன்று கைப்பேசியில் படமெடுப்போர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நாளில் வழங்கியது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைக் கரைசலைச் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். பின்னர் அதனை இருட்டில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்க வேண்டும். தகடு உலர்வதற்குள் கருவியில் பொருத்திப் படமெடுத்து, உலர்வதற்குள்ளேயே மீண்டும் இருட்டறைக்குக் கொண்டுசென்று உருத்துலக்க வேண்டும். இவையாவும் சில நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும். வட இந்தியாவின் கோடை வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் தங்கும் என்பதைத் தில்லியின் மே மாதத்தை அறிந்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் செல்வோர் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் கண்ணாடிப் பெட்டிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிச் செல்லவேண்டியிருந்தது.

உருவப்படத்தில் மற்றுமொரு தொல்லை உண்டு. கோயில் கோபுரம் அசையாது, மனிதன் அசைவான். சில நொடிகள் அவன் அசையாது இருத்தல் வேண்டும். ஆதலின் அமர்ந்திருப்பவரின் பிடரிக்குப் பின்னே இரும்புத் தாங்கி ஒன்றை மறைவாக வைப்பது வழக்கம். பழைய படங்களில் நம் பாட்டனார்கள் சிரிப்பின்றி விறைப்பாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். நிழற்படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் மக்களிடையே நிலவியது. வந்தவரின் அச்சத்தைப் போக்கி, அவர் முகத்தில் இயல்பான அமைதி தோன்றும் நொடிக்காகக் காத்திருப்பதே உருவப்படக் கலைஞனின் திறம். வேதியியல் அறிவோடு மனிதரை அறியும் அறிவும் அவனுக்கு வேண்டும்.

1871இல் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்தகட்டு முறைக்கு வழிகாட்டினார். 1880ஐ ஒட்டி அத்தகடுகள் ஆயத்தமாகவே கடைகளில் கிடைக்கலாயின. வேண்டும்போது படமெடுத்துப் பின்னர் ஆர அமர உருத்துலக்கலாம் என்ற நிலை வந்ததும் நிழற்பட நிலையம் நடத்துதல் எளிதாயிற்று. தீன் தயாள் தம் முடிவை மேற்கொண்ட காலம் இதுவே என்பது கருதத்தக்கது.

மேசையை விட்டு எழுதல்

1880களின் தொடக்கத்தில், டேலிக்குப் பின் முகவராக வந்த சர் லெப்பல் கிரிஃபின் புந்தேல்கண்டுப் பகுதிக்குச் சுற்றுப்பயணம் சென்றார். தீன் தயாளும் உடன் சென்று அப்பகுதியின் கோட்டைகளையும் கோயில்களையும் படமெடுத்தார். அப்படங்கள் கிரிஃபினின் விளக்கத்தோடு, மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற சின்னங்கள் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 1886இல் நூலாக வெளிவந்தன. இதே காலத்தில் அவர் அலுவலகத்தில் நீண்ட விடுப்பு எடுத்துத் தம் படத்தொகுதியை விரிவாக்கினார். பின்னர்ப் பணிக்குத் திரும்பாமல் அரசுப் பணியிலிருந்தே விலகினார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. ஏறத்தாழ இருபதாண்டுகள் பணி புரிந்திருந்தார்.

இந்த இருபதாண்டு என்னும் அளவு நம் சிந்தனையைத் தூண்டுகிறது. இன்றைய மத்திய அரசு விதிகளிலும் இருபதாண்டுத் தகுதிப் பணி முடித்த ஊழியர், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மூன்று மாத முன்னறிவிப்புடன் விருப்ப ஓய்வு கோரலாம். 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளோ தனி வணிகத்திற்கு முன்னனுமதி கோருகின்றன. ஆயினும் அலுவற் கடமைக்கு ஊறு நேராதபடி அவ்வப்போது செய்யும் இலக்கிய, கலை, அறிவியற் பணிகளுக்கு அவை இடமளிக்கின்றன. விதிநூல் கலைஞனுக்கு முற்றும் பகையன்று. அதன் கதவு சிறிதளவு திறந்தே இருக்கிறது. ஆனால் அக்கதவருகே சென்று பார்ப்பவர் சிலர். கடந்து செல்பவர் மிகச் சிலர்.

தீன் தயாள் திடீரெனக் குதித்தவரல்லர் என்பது இங்கு முதன்மையானது. 1874 முதல் 1880களின் நடுப்பகுதி வரை, பத்தாண்டுகளுக்கு மேலாக, அவர் அலுவலகப் பணியையும் கலையையும் ஒருங்கே பேணினார். விலகும் நாளில் அவரிடம் தேர்ந்த கைத்திறன் இருந்தது, படத்தொகுதி இருந்தது, படம் வேண்டி நிற்போரும் இருந்தனர். டிரைப்பை அரசு அமர்த்தியது, அரசே விலக்கியது. தீன் தயாளோ ஒருவரது ஆணைக்கு மட்டும் உட்படாத வாடிக்கையாளர் கூட்டத்தை முதலில் தேடிக்கொண்டு, அதன் பின்னரே எழுந்தார்.

அலுவலகத்தில் கழிந்த ஆண்டுகள் அவருக்கு வீணாயினவா என்று கேட்கலாம். இல்லை என்பதே நம் கருத்து. தூண் செங்குத்தாக நிற்பதையும், கூடம் சமச்சீராக அமைவதையும் அவர் படங்களில் காணுந்தோறும் வரைவாளரின் கண் அங்கே விழித்திருக்கக் காண்கிறோம். பல ஊர்களில் நிலையம் நடத்துவோருக்குச் செலவுக் கணக்கு தெரிதல் வேண்டும். அதனை மதிப்பீட்டாளர் பதவி கற்பித்திருக்கும். டேலியையும் கிரிஃபினையும் அணுகுவதற்கு வாயிலாக அமைந்ததும் இந்தூர்ப் பணிவாழ்வே.

முகங்களின் நிலையம்

1885ஐ ஒட்டி அவர் ஐதராபாத் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் அரசவை நிழற்படக் கலைஞரானார். 1886இல் செகந்திராபாத்தில் நிலையம் எழுந்தது. 1896இல் பம்பாயிலும் ஒன்று திறக்கப்பெற்றது. மைந்தர்களான ஞான் சந்தும் தரம் சந்தும் தொழிலில் தோள் கொடுத்தனர். நிஜாம் அவருக்கு ராஜா பகதூர் முசவ்விர் ஜங் என்னும் பட்டத்தை வழங்கினார். முசவ்விர் என்னும் சொல் உருவம் வரைபவரைக் குறிக்கும். 1897இல் விக்டோரியா அரசியாரின் நிழற்படக் கலைஞர் என்ற ஏற்பும் கிட்டியது.

இப்பட்டங்களைவிட நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. 1892இல் ஐதராபாத்தில் அவர் பெண்களுக்கெனத் தனியே ஒரு நிலையம் அமைத்தார். உயர்ந்த சுவர்களால் சூழப்பெற்ற அந்நிலையத்தில் ஆடவர் நுழைவதில்லை. திருமதி கென்னி-லெவிக் என்னும் ஆங்கிலப் பெண்மணி அதனை நடத்தினார். திரைக்குப் பின்னே வாழ்ந்த மகளிரும் தம் உருவத்தைத் தம் மக்களுக்கு விட்டுச்செல்ல விரும்புவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பெயரும் அறியப்படாமல் மறைந்திருக்கக்கூடிய எத்தனையோ தாய்மாரின் முகங்கள் அவ்வாறு காக்கப்பட்டன. உருவப்படத் தொழிலின் பெருமை இதனினும் சிறந்து விளங்கும் இடம் வேறில்லை எனலாம்.

அவர் வாழ்வில் தில்லிக்கும் ஓர் இடம் உண்டு. 1903 ஜனவரியில் ஏழாம் எட்வர்டு பேரரசரானதை அறிவிக்கத் தில்லியில் தர்பார் கூடியது. அந்நிகழ்ச்சிகளைத் தீன் தயாள் நிறுவனம் படமெடுத்தது. 1875-76இல் அரசுப் பணியாளராக இருந்துகொண்டே எந்த இளவரசரின் வருகையைப் படமெடுத்தாரோ, அவரே பேரரசரான விழாவிற்குச் சொந்த நிறுவனத்தின் தலைவராக வந்தார். இடைப்பட்ட ஏறத்தாழ 27 ஆண்டுகளில் ஒரு மனிதன் கடந்த தொலைவு இது. 1905இல் அவர் மறைந்தார்.

மூவர் வாழ்வில் மூன்று வழிகள்

ஒருவர் வாழ்வை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது. ஆதலின் வேறு இருவரையும் ஒப்புநோக்குவோம்.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. மக்களைப் பெற்று வளர்த்து, 48ஆம் வயதில் இருந்தபோது, 1863 டிசம்பரில், மகள் பரிசாக அளித்த கருவியால் நிழற்படக் கலையில் இறங்கினார். கவிஞர் டென்னிசன், அறிஞர் டார்வின் ஆகியோரின் முகங்கள் அவர் படங்களால் நிலைபெற்றன. 1875இல் கணவரோடு இலங்கையில் குடியேறிய பின், அங்கே தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களையும் படமெடுத்தார். அவற்றுள் எஞ்சியவை மிகச் சில. 1879இல் இலங்கையிலேயே மறைந்தார். நாற்பத்தெட்டு வயது தொடக்கத்திற்கும் ஏற்ற வயதே என்பதற்கு அவர் சான்று.

ஹோமாய் வியாரவாலா 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த பார்சிப் பெண்மணி. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை நிழற்படக் கலைஞர் எனப் போற்றப்படுபவர். 1942இல் தில்லிக்கு வந்து, பிரிட்டிஷ் தகவல் துறையில் பணியாற்றியபடியே வெளி இதழ்களுக்கும் படங்கள் அளித்தார். பண்டித நேருவின் பல மெய்ப்பாடுகளை நாம் அறிந்திருப்பது அவர் படங்களால். ஆனால் 1970இல், கணவர் மறைந்த சிறிது காலத்திற்குள், அவர் தொழிலை விட்டுவிட்டார். மீண்டும் அதனிடம் திரும்பவில்லை. 2010இல் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2011இல் பத்ம விபூஷண் விருது வந்தது. 2012 ஜனவரியில் இயற்கை எய்தினார். அவர் திரும்பாததை நாம் குறையெனக் கூறமாட்டோம். விடுவதும் தொடர்வதும் அவரவர் உரிமை. ஆயினும் அந்த நாற்பதாண்டு அமைதியில் எத்தனை முகங்கள் படமாகாமல் போயின என்று நினைக்குங்கால் நெஞ்சம் கனக்கிறது.

நமக்குரியது

தில்லித் தமிழர் பலர் அரசுத் தேர்வெழுதி, பெட்டியும் படுக்கையுமாக ரயிலேறி இந்நகருக்கு வந்தவர்கள். அப்பெட்டியில் சிலர் மிருதங்கத்தைக் கொண்டுவந்தனர்; சிலர் கவிதை நோட்டைக் கொண்டுவந்தனர். சிலர் ஆக்ஃபா க்ளிக் கருவியைக் கொண்டுவந்தனர். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள் என்பதால், ஒவ்வொரு முகத்தையும் நெடுநேரம் நோக்கிய பின்னரே விசையை அழுத்தினர். குவார்ட்டர்ஸ் கிடைத்தது, பிள்ளைகள் பிறந்தனர், பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. கருவி பரணுக்குச் சென்றது. நம் அலுவலகங்கள் ஒவ்வொன்றிலும் இத்தகையோர் ஒருவரேனும் இருப்பர்.

அவர்கள் எல்லாரும் நாளையே பணியைத் துறக்க வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. மாதச் சம்பளத்தின் அருமையை அறியாமல் எழுதப்படும் அறிவுரை பயனற்றது. கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் கருவியாகிவிட்ட இக்காலத்தில் படம் எடுத்துத் தருவதால் மட்டும் பிழைக்க இயலாது என்பதும் உண்மை. எனினும் எடுக்கப்படும் படங்கள் பெருகப் பெருக, ஒருவரைப் பொறுமையோடு நோக்கி எடுக்கப்பட்ட உருவப்படம் அரிதாகி வருகிறது. அரிதாவதற்கு மதிப்பு குறைவதில்லை.

தீன் தயாளின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது இதுவே: கலையை முற்றிலும் விட்டுவிட்டவனுக்குத் திரும்பும் வழி தூர்ந்துபோகும், வாரத்தில் சில மணி நேரமேனும் அதனோடு உறவாடுபவனுக்கு வழி திறந்திருக்கும். அவர் இருபதாண்டு முடிவில் எழுந்து செல்ல முடிந்ததற்குக் காரணம், அதற்கு முந்திய பத்தாண்டுகளில் அவர் கருவியை மூடிவைக்காததே.

இந்தூர்ப் பொதுப்பணித் துறையில் அவர் தயாரித்த செலவு மதிப்பீடுகளை இன்று தேடுவார் இல்லை. அவர் நிலையத்தின் கண்ணாடித் தகடுகளோ நம் தில்லியில் உள்ளன. இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989இல் அவற்றைப் பெற்று, 2,857 தகடுகளைக் காத்து வருகிறது. எடுத்தவரும் மறைந்தார், எடுக்கப்பட்டவரும் மறைந்தனர். ஆயினும் அத்தகடுகளில் ஒன்றை ஒளிக்கு எதிரே உயர்த்திப் பிடித்தால், நூறாண்டுகளுக்கு முன் ஒருவர் அசையாதிருந்த அந்தச் சில நொடிகள் இன்றும் தெரியும். விடுப்பு விண்ணப்பம் ஒன்றை எழுதத் துணிந்த ஓர் அரசுப் பணியாளர் உலகிற்கு விட்டுச்சென்ற செல்வம் அது.